ஓர் இணைய முகவரியைப் பிரித்துப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கான இணையச் சொல் விளக்கம்

இணையத்தைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்குவோரில் பெரும்பாலோர் கைபேசியைக் கண்டு தயங்குவதில்லை. அதைச் சுற்றிப் புழங்கும் சொற்களைக் கேட்டுத்தான் தயங்குகிறார்கள். பிரவுசரைத் திறவுங்கள், லிங்க்கை அனுப்புங்கள், சர்வர் வேலை செய்யவில்லை, கேஷை அழியுங்கள், டொமைன் காலாவதியாகிவிட்டது என்று பிள்ளைகளும் அலுவலகத்தாரும் சொல்லும்போது, அந்தச் சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன, அவற்றுக்குள் என்ன உறவு என்பது விளங்காமலே தலையசைத்துவிடுகிறோம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் மூத்தோர் சிலருக்குக் கைபேசிப் பயன்பாட்டைச் சொல்லித் தருகிறேன். முதலில் இச்சொற்களை அகராதிபோல அகரவரிசையில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். மறுவாரம் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில் இல்லை. பிறகு ஒரே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு, அதைத் தட்டியதிலிருந்து பக்கம் திரையில் தோன்றும் வரை நடப்பவற்றை வரிசையாகச் சொன்னபோது சொற்கள் தாமாகவே அவரவர் மனத்தில் பதிந்தன. அந்த வழியையே இங்கும் பின்பற்றுகிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் முகவரி, தமிழ் விக்கிப்பீடியாவில் சென்னையைப் பற்றிய கட்டுரையினுடையது. திரையில் இதன் பெரும்பகுதி ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே ஒலிபெயர்த்து எழுதுகிறேன்.

எச்டிடிபிஎஸ்://டிஏ.விக்கிபீடியா.ஓஆர்ஜி/விக்கி/சென்னை

இதைத் தாளில் எழுதி அருகில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் நல்லது.

இணையமும் வலையும்

இணையம், வலை என்ற இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் வழங்குகிறோம். உண்மையில் இவை இரண்டு அடுக்குகள். இணையம் என்பது உலகெங்குமுள்ள கணினிகளையும் கைபேசிகளையும் கம்பிகளாலும் கண்ணாடி இழைகளாலும் அலைக்கற்றையாலும் இணைத்துவைத்திருக்கும் பெரும் கட்டமைப்பு. அதன் வேர் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் இருக்கிறது. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு அதன் முதல் செய்தி சென்றது. வின்ட் செர்ஃப், பாப் கான் ஆகிய இருவரும் வகுத்த பொதுவிதிகளுக்கு அவ்வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று மாறிய பின்னரே, வெவ்வேறு வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசும் இன்றைய இணையம் உருப்பெற்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இது 1995 ஆகஸ்டு 15 அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் வழியாகக் கிடைத்தது.

வலை என்பது இந்தக் கட்டமைப்பின்மேல் இயங்கும் பல சேவைகளுள் ஒன்று. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் இதை முன்மொழிந்தார். ஓர் ஆவணத்தில் உள்ள சொல்லைத் தொட்டால் வேறொரு கணினியில் உள்ள இன்னோர் ஆவணம் திறக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணத்தின் சாரம். அப்படித் தொட்டதும் நம்மை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் சொல்லையோ படத்தையோதான் இணைப்பு அல்லது லிங்க் என்கிறோம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுக்கொடுத்தது. அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் இன்று நம் கையில் இருக்கும் வலை இந்த வடிவில் இருந்திருக்குமா என்பது ஐயமே.

மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் இணையத்தில் இயங்குபவை. ஆனால் வலைப்பக்கங்கள் அல்ல. வைஃபை என்பதும் இணையம் அன்று. உங்கள் வீட்டிலுள்ள ரூட்டர் என்ற பெட்டிக்கும் கைபேசிக்கும் இடையிலுள்ள சில மீட்டர் தொலைவைக் கம்பியின்றிக் கடப்பதற்கான வழிமுறையே வைஃபை. ஆகையால் வைஃபைக் குறி முழுதாகத் தெரிந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், கைபேசியிலிருந்து ரூட்டர் வரை வழி இருக்கிறது, ரூட்டரிலிருந்து வெளியே செல்லும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்நேரத்தில் கைபேசியின் அமைப்புகளை மாற்றிக் குழப்பிக்கொள்ளாமல், ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்து, அதற்கும் சரியாகாவிட்டால் இணைப்பு வழங்கும் நிறுவனத்தை அழைப்பதே முறை.

உலாவி வேறு, தேடுபொறி வேறு

வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் செயலியே உலாவி, அதாவது பிரவுசர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் ஆகியவை உலாவிகள். தேடுபொறி என்பது உலாவிக்குள் நாம் திறக்கும் ஒரு வலைத்தளம். கூகுள், பிங், டக்டக்கோ ஆகியவை தேடுபொறிகள். குரோம், கூகுள் இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை என்பதாலும், இப்போதைய உலாவிகளில் முகவரி எழுதும் பட்டையும் தேடும் பட்டையும் ஒன்றாகிவிட்டதாலும் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. ஆனால் இதைத் தெரிந்துகொள்வது மிகத் தேவையானது.

மேல்பட்டையில் முழு முகவரியைத் தட்டினால் உலாவி நேராக அத்தளத்துக்குச் செல்கிறது. அதே பட்டையில் வங்கியின் பெயரை மட்டும் தட்டினால், உலாவி அதைத் தேடுபொறியிடம் ஒப்படைக்கிறது; தேடுபொறி தனக்குத் தெரிந்த பக்கங்களின் பட்டியலைத் தருகிறது. அப்பட்டியலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் விளம்பரங்கள் இருக்கும், அவற்றின் அருகே விளம்பரம் என்பதைக் குறிக்கும் சிறு சொல் இருக்கும். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, பட்டியலில் முதலில் வந்த பொய்யான எண்ணை அழைத்துப் பணத்தை இழந்தவர்களின் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. எனவே வங்கி, காப்பீடு, அரசுச் சேவை போன்றவற்றின் முகவரிகளைக் கணக்குப் புத்தகத்திலிருந்தோ அட்டையின் பின்புறத்திலிருந்தோ பார்த்து, எழுத்து எழுத்தாகத் தட்டித் திறந்து, உலாவியில் உள்ள நட்சத்திரக் குறியைத் தொட்டு ஒருமுறை சேமித்துவையுங்கள். இப்படிச் சேமிப்பதற்குப் புக்மார்க் என்று பெயர். அடுத்த முறை தேட வேண்டிய தேவையே எழாது.

முகவரியின் உறுப்புகள்

இனி நம் முகவரிக்கு வருவோம். எச்டிடிபிஎஸ் என்ற முதற்பகுதி, உலாவியும் மறுமுனைக் கணினியும் எந்த முறைப்படி பேசிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறது. இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம். அதன்பின் முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் வருகின்றன. அவற்றை அடுத்து, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதிதான் உயிர்நிலை. நம் எடுத்துக்காட்டில் அது டிஏ.விக்கிபீடியா.ஓஆர்ஜி. இதன் முதன்மைப் பகுதியைத்தான் டொமைன் என்கிறார்கள். தமிழில் களப்பெயர் என்றும் ஆள்களப் பெயர் என்றும் எழுதுகிறார்கள். ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் விக்கி/சென்னை என்பது அத்தளத்துக்குள் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் பாதை. முழு வரியையும் சேர்த்து யூஆர்எல் என்பர். வலைப்பக்கம் என்பது ஒரு தாள் போன்றது. ஒரே களப்பெயரின் கீழ் அமைந்த பக்கங்களின் தொகுதியே வலைத்தளம். அதன் வாசல் போல அமைந்த முதல் பக்கமே முகப்புப் பக்கம். முகவரியின் நடுவே அட் என்னும் சுழிக்குறி இருந்து, தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரி. அதை உலாவியில் தட்டிப் பயனில்லை.

களப்பெயரை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். இது புதியவர்களுக்கு விந்தையாகத் தோன்றினாலும், நம் அஞ்சல் முகவரி இதே முறையில்தான் இயங்குகிறது. கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதாக எழுதுகிறோம். கடிதத்தைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியரோ கடைசி வரியிலுள்ள பின்கோடு எண்ணையே முதலில் பார்க்கிறார். 1972இல் அறிமுகமான அந்த ஆறிலக்க எண்ணில் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம், 600 என்று தொடங்கினால் சென்னை என்று வழி குறுகிக்கொண்டே வருகிறது. கதவு எண்ணைத் தேடுவது கடைசி வேலை. களப்பெயரும் அப்படியே.

வலக்கோடியில் இருக்கும் ஓஆர்ஜி மேல்நிலைக் களம். காம், நெட், ஓஆர்ஜி போன்றவை உலகப் பொதுவானவை. இன் என்பது இந்தியாவுக்கும், எல்கே என்பது இலங்கைக்கும், எஸ்ஜி என்பது சிங்கப்பூருக்கும் உரியவை. மேல்நிலைக் களங்களுள் தமிழ் எழுத்திலேயே அமைந்தவை மூன்று இருக்கின்றன என்பதைப் பலர் அறியார்: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இவ்வளவு முயன்று பெற்ற இவற்றை நம்மவர்கள் இன்னும் அரிதாகவே பயன்படுத்துவது எனக்கு வருத்தமளிக்கிறது.

மேல்நிலைக் களத்துக்கு உடனே இடப்பக்கம் நிற்கும் விக்கிபீடியா என்பதுதான் ஒருவர் பணம் கட்டிப் பதிவுசெய்த பெயர். அதற்கும் இடப்பக்கம் நிற்கும் டிஏ என்பது துணைக்களம். தமிழைக் குறிக்கும் குறியீடு. துணைக்களத்தை அந்தப் பெயரின் உடைமையாளர் எவரையும் கேட்காமல் தம் விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம். முகவரியைப் படிக்கக் கற்பதன் முழுப் பயனும் இந்த ஒரு செய்தியில் இருக்கிறது.

நூலகத்துக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு, மின்கட்டணம் நிலுவையில் இருப்பதாகவும் இன்றிரவே இணைப்புத் துண்டிக்கப்படும் என்றும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பு ஏறத்தாழ இப்படி இருந்தது: மின்வாரியம்.கவ்.இன்.பில்-அப்டேட்.எக்ஸ்ஒய்இசட்/பே. இடப்பக்கத்திலிருந்து படித்த அவருக்கு மின்வாரியமும் அரசும் இந்தியாவும் வரிசையாகத் தெரிந்ததால் ஐயமே எழவில்லை. அட்டை எண்ணைத் தட்டுவதற்குச் சற்று முன்னர் என்னிடம் காட்டினார். வலப்பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் நிற்பது எக்ஸ்ஒய்இசட். உலகில் எவரும் பெயர் பதிந்துகொள்ளக்கூடிய மேல்நிலைக் களம். அதற்கு முன்னால் நிற்பது பில்-அப்டேட். யாரோ ஒருவர் பதிவுசெய்த பெயர். எஞ்சியவை அனைத்தும் அந்த யாரோ ஒருவர் தம் வீட்டு வாசலில் தாமே எழுதி மாட்டிய பலகைகள். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: புள்ளி பெயரைப் பிரிக்கிறது, சிறுகோடு பிரிப்பதில்லை. பில்-அப்டேட் என்பது முழுவதும் ஒரே பெயர்தான்.

இந்திய முகவரிகளைப் படிக்கும்போது ஒரு விலக்கு உண்டு. இன் என்பதற்கு முன்னால் கவ், ஏசி, சிஓ போன்ற குறுஞ்சொற்கள் வந்தால், அவற்றையும் இன் என்பதோடு சேர்த்து ஒன்றாகவே கொண்டு, அதற்கும் இடப்பக்கம் இருப்பதையே பதிவுசெய்த பெயராகக் கொள்ள வேண்டும். கவ்.இன் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. எனவே ஒரு முகவரி உண்மையாகவே கவ்.இன் என்று முடிந்து உடனே சாய்கோடு வந்தால் அது அரசுத் தளம். வங்கிகளுக்கும் இப்படியொரு வேலி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தம் தளங்களைப் பேங்க்.இன் என்ற களத்துக்கு மாற்ற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இக்களத்தில் வங்கிகளைத் தவிரப் பிறர் பெயர் பதிய இயலாது. உங்கள் வங்கியின் முகவரி இப்போது அவ்வாறு முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவையுங்கள்.

எழுத்துகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஆர், என் இரண்டும் அடுத்தடுத்து நின்றால் எம் போலவே தோன்றும். எல் என்ற எழுத்தும் ஒன்று என்ற எண்ணும், ஓ என்ற எழுத்தும் சுழியமும் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். கைபேசியின் சிறிய திரையில் முகவரி முழுவதும் தெரியாது. மேல்பட்டையை ஒருமுறை தொட்டால் முழு வரியும் விரியும். செய்தியில் வந்த இணைப்பைத் திறக்காமலே பார்க்க விரும்பினால், அதன்மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள், முகவரி தெரியும். கியூஆர் கட்டமும் பெரும்பாலும் கட்டம் கட்டமாக எழுதப்பட்ட ஒரு முகவரியே ஆதலால், கேமரா முதலில் காட்டும் வரியைப் படித்த பிறகே அதைத் தொட வேண்டும். தவறிப்போய்ப் பணத்தை இழந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது இணையவழிப் பணமோசடிகளுக்கான இந்திய அரசின் உதவி எண்.

பெயர் எண்ணாக மாறும் இடம்

கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அறிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் உண்டு. பழைய முறையில் அது 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவது. அவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. உலக மக்கள்தொகைக்கே அது போதாது என்பதால் ஐ.பி.வி.6 என்ற மிக நீண்ட எண்முறை இப்போது உடன் வழங்குகிறது. இந்த எண்களை மனிதர் நினைவில் வைக்க இயலாது. தொடக்கத்தில் எல்லாப் பெயர்களையும் எண்களையும் எழுதிய ஒரே கோப்பை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் பேணிவர, ஒவ்வொரு கணினியும் அதைப் படியெடுத்துக்கொண்டது. கணினிகள் பெருகப் பெருக அம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் களப்பெயர் முறைமையே இன்றுவரை அவ்வேலையைச் செய்கிறது.

நீங்கள் முகவரியைத் தட்டியதும், உங்கள் இணைப்பு நிறுவனத்தின் டி.என்.எஸ். கணினியிடம் உலாவி எண்ணைக் கேட்கிறது. அதற்கு விடை தெரியாவிட்டால் அது வேர்க் கணினிகளிடம் செல்கிறது. ஏ முதல் எம் வரை பெயரிடப்பட்ட 13 வேர்கள் உண்டு; ஒவ்வொரு பெயரின் கீழும் உலகெங்கும் பல கணினிகள் இயங்குகின்றன. வேர், ஓஆர்ஜியைக் கவனிப்பவரிடம் கேள் என்கிறது. ஓஆர்ஜி, விக்கிபீடியாவைக் கவனிப்பவரிடம் கேள் என்கிறது. அங்கே எண் கிடைக்கிறது. அஞ்சல் பிரிப்பதைப் போலவே வலமிருந்து இடமாக விசாரணை நடந்திருப்பதைப் பாருங்கள். இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். டி.என்.எஸ். பிழை என்று உலாவி சொன்னால், முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறது, அல்லது பெயரை எண்ணாக மாற்றும் இந்தக் கட்டத்தில் தடங்கல் என்று பொருள்.

சர்வரும் பொட்டலங்களும்

எண் கிடைத்ததும் உலாவி அந்த எண்ணுக்குரிய கணினியிடம் பக்கத்தைக் கேட்கிறது. கேட்டவர்க்கெல்லாம் பக்கங்களைக் கொடுப்பதற்கென்று இரவும் பகலும் விழித்திருக்கும் கணினியே சர்வர். வழங்கி என்ற தமிழ்ச்சொல் அதன் தொழிலை அப்படியே சொல்லிவிடுகிறது. பெறும் உங்கள் கைபேசிக்குக் கிளையண்ட் என்று பெயர். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் வழங்கிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஆசிய வாசகர்களுக்காகச் சிங்கப்பூரிலும் ஒரு தரவு மையம் வைத்திருக்கிறார்கள். மேகம், கிளவுட் என்றெல்லாம் சொல்லப்படுவதும் வேறொன்றில்லை. பிறருடைய கட்டடத்தில் ஓடும் இத்தகைய வழங்கிகளின் கூட்டமே அது.

அங்கிருந்து பக்கம் ஒரே கட்டாக வருவதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து வந்து கைபேசியில் மீண்டும் சேர்கிறது. ஒரு பொட்டலத்தின் அளவு பொதுவாக 1,500 பைட் அளவில் இருக்கும். பைட் என்பது தரவை அளக்கும் சிறு அலகு; ஏறத்தாழ 10 லட்சம் பைட் ஒரு மெகாபைட். நீங்கள் அனுப்பும் 3 மெகாபைட் நிழற்படம் ஏறத்தாழ 2,000 பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. இணையம் செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது என்று பலர் கருதுகிறார்கள். கண்டங்களுக்கிடையே செல்லும் தரவில் மிகப்பெரும் பகுதி கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பிவடங்களில்தான் செல்கிறது. சென்னை அத்தகைய வடங்கள் கரையேறும் முதன்மையான ஊர்களில் ஒன்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதல் இயங்கும் வடம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குக்குள் ஒரு பொட்டலம் வங்கக்கடலைக் கடந்துவிடுகிறது. இதை நூலகத்தில் முதன்முறை சொன்னபோது, மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் வெகுநேரம் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழங்கியிடமிருந்து உங்களுக்கு வருவது பதிவிறக்கம். உங்களிடமிருந்து செல்வது பதிவேற்றம். வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் போதும். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன; கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்குக் கிடைக்கக்கூடிய உச்ச அளவு 12.5 மெகாபைட்தான், நிறுவனம் ஏமாற்றுகிறது என்று எண்ணுவதற்கு முன் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எச்டிடிபிஎஸ் எதற்கு உறுதி தருகிறது

எச்டிடிபி என்பது உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் முறை. அதில் பேசுவது அஞ்சலட்டையில் எழுதுவதைப் போன்றது. இடையில் கையாளும் எவரும் படிக்கலாம். இறுதியில் எஸ் சேர்ந்தால் பேச்சு மறையாக்கம் செய்யப்படுகிறது. உறையிட்டு ஒட்டிய கடிதம் போல இடையிலுள்ளோர் படிக்க இயலாது. இதைக் காட்டவே உலாவிகள் பூட்டுக்குறியை வைத்தன.

பூட்டு இருந்தால் தளம் நேர்மையானது என்று எண்ணுவதுதான் பெரும் தவறு. நீங்கள் அந்த முகவரிக்குரியவரோடு பிறர் அறியாமல் பேசுகிறீர்கள் என்பதற்கு மட்டுமே பூட்டு உறுதி. அந்த முகவரிக்குரியவர் திருடராகவும் இருக்கலாம். அப்போது நீங்கள் திருடரோடு மிகப் பாதுகாப்பாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். எச்டிடிபிஎஸ் முறையில் பேசத் தளத்துக்குத் தேவையான மின்னணுச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் கட்டணமின்றி எவருக்கும் தருகின்றன. அது வலை முழுவதற்கும் நன்மை செய்த ஏற்பாடு. ஆயினும் மோசடித் தளங்களும் அதைப் பெறுகின்றன. மக்கள் பூட்டைத் தவறாகப் புரிந்துகொள்வதாலேயே குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அக்குறியை நீக்கி வேறொரு குறியை வைத்தது. ஆகவே கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ தட்டும் முன் எஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், களப்பெயரை வலமிருந்து படித்தும் பார்க்க வேண்டும்.

சென்னை என்ற சொல் விழுக்காட்டுக் குறிகளாக மாறுவது ஏன்

நம் எடுத்துக்காட்டு முகவரியைப் படியெடுத்து ஒரு செய்தியில் ஒட்டினால், சென்னை என்ற சொல் காணாமல்போய், விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட வால் முளைப்பதைத் தமிழர் பலரும் கண்டிருப்பீர்கள். இதை நச்சுநிரல் என்று அஞ்சி அழித்துவிட்டவர்களையும் அறிவேன். அஞ்ச வேண்டியதில்லை.

யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறிமுறையில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடம் உண்டு. அதில் சென்னை என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஆறு குறி: ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி. முகவரிகளில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே செல்லலாம் என்பது பழைய விதி. அதனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதையடுத்து எழுத்தோ எண்ணோ இரண்டுமாக, மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. ஆறு குறிக்குப் பதினெட்டு பைட், பதினெட்டு பைட்டுக்கு ஐம்பத்து நான்கு இடங்கள். அந்த நீண்ட வாலும் சென்னைதான். உலாவியில் திறந்தால் மீண்டும் சென்னையாகவே தெரியும். அதை நடுவில் வெட்டி அனுப்பினால் மட்டும் பக்கம் திறக்காது. களப்பெயரே தமிழில் இருந்தால் அதற்கு வேறொரு மாற்றுமுறை உண்டு. அப்போது ஆங்கிலத்தில் எக்ஸ், என் என்று தொடங்கி இரண்டு சிறுகோடுகளோடு வரும்.

பக்கம் வராதபோதும் பழையதாக வந்தபோதும்

404 என்ற எண் திரையில் வந்தால், வழங்கி உங்களோடு பேசிவிட்டது, நீங்கள் கேட்ட பக்கம் மட்டும் அங்கே இல்லை என்று பொருள். முகவரியின் பாதைப் பகுதியை அழித்துவிட்டுக் களப்பெயரை மட்டும் வைத்து முகப்புப் பக்கத்திலிருந்து தேடுங்கள். 500, 502, 503 போன்ற எண்கள் வழங்கியின் பக்கத்துக் கோளாறு. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் கேட்கும்போது வருபவை பெரும்பாலும் இவைதாம். பிள்ளையின் கைபேசி பழுது என்று அதட்டாமல் சிறிது பொறுத்திருந்து மீண்டும் முயலலாம்.

ஒருமுறை பார்த்த படங்களையும் பக்கங்களையும் உலாவி தன்னிடம் சேர்த்துவைத்துக்கொண்டு அடுத்த முறை விரைவாகக் காட்டும். அந்தச் சேமிப்பே கேஷ். பக்கம் மாறிய பின்னும் பழையதே தெரிந்தால் மீளேற்றும் வளைந்த அம்புக்குறியைத் தொடுங்கள். அதிலும் மாறாவிட்டால் உலாவியின் அமைப்புகளில் கேஷை அழியுங்கள். குக்கி என்பது வேறு. எச்டிடிபி முறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளையும் முன்பின் அறியாதவர் கேட்பதாகவே அது கொள்ளும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுலி இதற்குக் கண்ட தீர்வே குக்கி: வழங்கி கொடுக்கும் ஒரு சிறு சீட்டு. கோயிலில் செருப்பை விட்டபோது வாங்கும் வில்லையைப் போல, உலாவி அதை வைத்திருந்து ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டுகிறது. நீங்கள் உள்நுழைந்த நிலை தொடர்வது அதனால்தான். பிற விளம்பர நிறுவனங்களின் குக்கிகள் நீங்கள் பல தளங்களில் என்ன பார்த்தீர்கள் என்பதைத் தொடரவும் பயன்படுகின்றன; அவற்றைத் தடுக்கும் வசதி உலாவியின் அமைப்புகளிலேயே இருக்கிறது, தயங்காமல் தடுத்துவிடலாம். குக்கிகளை எல்லாம் அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள் என்பதால், கடவுச்சொற்கள் கைவசம் உள்ளனவா என்று பார்த்தபின் அழியுங்கள். நூலகம் போன்ற பொது இடத்துக் கணினியில் மறைநிலைச் சாளரத்தை, அதாவது இன்காக்னிட்டோவை, உலாவியில் திறந்து வேலை பார்த்து, முடித்ததும் அதை மூடிவிடுவது நல்லது. அது உங்கள் தடங்களை அக்கணினியில் தங்கவிடாது. ஆனால் இணைப்பு நிறுவனத்திடமிருந்து உங்களை மறைக்காது.

சொந்தமாகத் தளம் வேண்டுவோருக்கு

ஒரு தளத்துக்கு இரண்டு பொருள்கள் வாடகைக்கு வேண்டும். களப்பெயர் ஒன்று, பக்கங்களை வைப்பதற்கான வழங்கியிடம், அதாவது ஹோஸ்டிங், மற்றொன்று. இரண்டும் வேறு வேறு நிறுவனங்களிடம் இருக்கலாம். களப்பெயரை எவரும் விலைக்கு வாங்கிவிட முடியாது. ஆண்டுக் கணக்கில் பதிவுசெய்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன் என்று முடியும் பெயர்களை நிக்ஸி என்ற அமைப்பு மேற்பார்க்கிறது. நாம் பதிவது அதன் ஒப்புதல் பெற்ற பதிவாளர்களிடம்.

எனக்குத் தெரிந்த ஊர்நலச் சங்கம் ஒன்று தன் ஊர் வரலாற்றையும் பழைய நிழற்படங்களையும் திரட்டி அழகான தளம் ஒன்றை அமைத்தது. தளத்தைச் செய்துகொடுத்தவர் களப்பெயரைத் தம் மின்னஞ்சலிலேயே பதிந்திருந்தார். சில ஆண்டுகளில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எவருக்கும் எட்டவில்லை. பெயர் காலாவதியாகி, இன்று அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. நிழற்படங்களின் மூலப்படிகளும் எவரிடமும் இல்லை. ஆகவே நீங்களோ உங்கள் சங்கமோ தளம் அமைத்தால், பதிவாளரிடம் உள்ள கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கும்படி முதல் நாளே கேட்டு வாங்குங்கள். புதுப்பிக்கும் நாளைச் சங்கத்தின் வரவுசெலவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தளத்திலுள்ள அனைத்தின் படியையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வேறொருவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.